மொட்டை போதாது என்று நினைத்த ஜேசுராஜ்

ஆவடி டாங்கி ஃபேக்டரியில் வெல்டராக இருந்த ஜேசுராஜைப் பற்றிக் கேட்டால் குவார்ட்டர்ஸ் ஜனங்கள் இரண்டு விஷயம் சொல்வார்கள். மனுஷன் உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிடுவார் என்பது ஒன்று. ரேஷன் கடை வரிசையில் தூங்கியிருக்கிறார், முடிவெட்டும் நாற்காலியில் தூங்கியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் தூங்கியதைச் சேர்க்க வேண்டாம், அது எல்லோரும் செய்வதுதான். இன்னொன்று, பெற்ற ஒரே பிள்ளையை மாதாவுக்குக் கொடுத்தவர் என்பது. முதலாவது சத்தியமான உண்மை. இரண்டாவதில்தான் வில்லங்கம். அதைத் தீர்க்க அவருக்குப் பதிமூன்று வருஷம் பிடித்தது.

ஆரம்பித்தது எண்பதாம் வருஷம். பிள்ளை எட்மண்டுக்கு அப்போது நாலு வயது. சாதாரண ஜுரம் என்று படுத்த குழந்தை இரண்டாம் நாள் கழுத்து விறைத்து, கண் மேலே செருகி, வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தது. தூக்கிக்கொண்டு எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். மூளைக்காய்ச்சல் என்றார் டாக்டர். "பாருங்க, இவனால தாடையை நெஞ்சுல வைக்க முடியல. கழுத்து மடங்கல. இதான் அடையாளம்" என்று காட்டியும் கொடுத்தார். அந்த விறைத்த கழுத்தை ஜேசுராஜ் ஆயுசுக்கும் மறக்கவில்லை.

ஏழு நாள் பிள்ளை கண் திறக்கவில்லை. மனைவி லூர்தம்மாள் வார்டுக்குள் கட்டிலோரம் தரையில் கிடந்தாள். இவர் காலை ஷிஃப்ட் முடித்து ரயிலேறி வந்து சாயங்காலம் வரை வராந்தாவில் நிற்பார், மறுபடி ரயிலேறி வீட்டுக்குப் போவார், விடியற்காலை ஃபேக்டரி சங்குக்கு எழுந்திருப்பார். அந்த ஏழு நாளில் உடம்புக்குள் புகுந்த அலுப்பு அதற்கப்புறம் வெளியே போகவே இல்லை என்று பிற்காலத்தில் அவரே சொல்வார்.

பக்கத்துக் கட்டிலில் திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் குழந்தை. அதே வியாதி. அதன் தாய் பெயர் பார்வதம். ஏழாம் நாள் மத்தியானம் ஜேசுராஜை உள்ளே விட்டபோது அவள் தன் கொண்டையைத் தொட்டுக் காட்டினாள்.

"திருத்தணி முருகனுக்கு முடி குடுக்கறேன்னு நேந்துகினேண்ணே. எனுக்கும் கொயந்திக்கும். நீயும் உங்க சாமிக்கு எதுனா நேந்துக்கயேன்."

ஜேசுராஜ் தன்னையறியாமல் தலையைத் தடவினார். அப்போது அவருக்கு நல்ல அடர்த்தியான சுருட்டை முடி. வெல்டிங் முகமூடியை மாட்டினால் பின்னால் பிதுங்கிக்கொண்டு நிற்கும். வேளாங்கண்ணிக்கு வந்து மொட்டை போடுகிறேன் தாயே என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் கட்டிலைப் பார்த்தார். மூக்கில் குழாய், கையில் ஊசி, வாழைத்தண்டு மாதிரி வெளுத்துக் கிடக்கிற பிள்ளை. இத்தனை பெரிய ஆபத்துக்கு இந்தக் கொஞ்சூண்டு முடிதானா? இது எந்த மூலைக்கு? மாதா என்ன நினைப்பாள், இந்தக் கஞ்சப்பயல் பிள்ளை உயிருக்கு மயிரை நீட்டுகிறானே என்று நினைக்க மாட்டாளா? அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"தாயே, இவனைப் பொழைக்க வை. பொழைக்க வெச்சா இவனை உனுக்கே குடுத்துடறேன். சாமியாரா ஆக்கி உன் கோயில்லயே வுட்டுடறேன்."

லூர்தம்மாள் அந்த நேரத்தில் கட்டில் காலில் தலையைச் சாய்த்துக் கண்ணசந்திருந்தாள். ஏழு நாளில் அந்தப் பத்து நிமிஷம்தான் தூங்கியிருப்பாள், பாவம். அந்தப் பத்து நிமிஷத்தில் அவளைக் கேட்காமலே அவள் பிள்ளையைக் கைமாற்றிவிட்டார் அவள் புருஷன். அவள் விழித்தபோது அவர் எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் எட்மண்ட் கண் திறந்து தண்ணீர் கேட்டான். இன்னும் பத்து நாளில் இரண்டு குழந்தைகளும் ஒரே நாளில் வீட்டுக்குப் போனார்கள். பார்வதம் திருத்தணி போய் முடி கொடுத்திருப்பாள், அத்தோடு அவள் பாரம் இறங்கியிருக்கும். ஜேசுராஜ் பாரம் அன்றைக்குத்தான் ஏறியது.

விஷயத்தை அவர் தங்கள் கோயிலின் பங்குச் சாமியாரிடம் சொன்னார். வயதான சாமியார் உருகிப்போய் அடுத்த ஞாயிறு பூசையிலேயே அறிவித்துவிட்டார். லூர்தம்மாளுக்கே அப்போதுதான் தெரியும். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாய்யா நீ, பெத்தவ ஒருத்தி பக்கத்துலயே கீறேன்ல? என்னை எழுப்பி ஒரு வார்த்த கேட்டா இன்னா? அந்த பார்வதம் பொண்ணுந்தான் பொழச்சுது. அவ முடிதான குடுத்தா?"

அந்தக் கேள்வியை அவள் வருஷத்துக்கு நாலு தடவையாவது கேட்டாள். பதிமூன்று வருஷமும் அவருக்குப் பதில் தெரியவில்லை.

அதற்கப்புறம் எட்மண்ட் குவார்ட்டர்ஸில் மற்றப் பிள்ளைகளைப் போல் வளர முடியுமா? நாலு வயசிலேயே அவனுக்குச் 'சின்ன ஃபாதர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஜெபக் கூட்டத்தில் கிழவிகள் எழுந்து இடம் கொடுத்தார்கள். மாங்காய் அடிக்கப் போனால், "அய்யய்யோ, சாமியாரா ஆவப்போற புள்ள திருடலாமா?" என்று யாராவது ஒருத்தி மோவாயில் கை வைப்பாள். கூடப் போன பயல்கள் மாங்காயைக் கடித்துக்கொண்டிருப்பார்கள், இவன் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பான்.

ஜேசுராஜ் அவனை அடித்ததே இல்லை. பெருமையாகச் சொல்லிக்கொள்வார். உண்மையில் அது பயம். மாதாவின் பொருள் மேல் கை வைக்க அவருக்கு நடுக்கம். எட்டு வயதில் ஒருநாள் எட்மண்ட் பக்கத்து பிளாக் பையன் ஒருவனை மண்ணில் புரட்டி எடுத்துவிட்டான். 'ஏய் சாமியார்' என்று சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறான் அவன், இவன் விடவில்லை. ஜேசுராஜ் அன்று இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்து காலைக்கூடக் கழுவவில்லை, அந்தப் பையனின் அம்மா வாசலில் நின்று கத்துகிறாள். அவளைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு, வெல்டிங் பொறியில் சிவந்து நீர் வடிகிற கண்ணோடு நாற்காலியில் சரிந்தார். பிள்ளையைக் கூப்பிட்டு எதிரே நிறுத்தினார்.

"டேய், நீ யாரு ஊட்டு உசுருன்னு தெரியுமா? மாதா குடுத்த உசுரு. ஒயுங்கா இல்லன்னா, சாமியாரா போவலன்னா, குடுத்தவளே திருப்பி வாங்கிக்குவா. ஆமா."

சொன்னார். சொன்ன வாய் மூடுவதற்குள் நாற்காலியிலேயே தூங்கிப்போனார். பிள்ளை எவ்வளவு நேரம் அங்கேயே நின்றான் என்று அவருக்குத் தெரியாது. லூர்தம்மாளுக்குத் தெரியும். "ரெண்டு அடி போட்டிருந்தாகூட அயுதுட்டு வெளயாடப் போயிருப்பான். நீ இன்னாத்த சொல்லி வெச்ச? சோறு எறங்கல அவனுக்கு" என்று மறுநாள் கேட்டாள். என்ன சொன்னோம் என்று அவருக்கு ஞாபகமே வரவில்லை. அலுப்பில் சொன்னது அலுப்போடு போய்விட்டது.

அன்றிலிருந்து பையன் தங்கம். சண்டை இல்லை, சத்தம் இல்லை. காலை ஐந்தரைக்கு எழுந்து பூசைக்கு உதவப் போவான். மழையோ பனியோ, ஒருநாள் தவறியதில்லை. ஒரு தும்மல் வந்தால்கூட ஓடிப்போய் செபமாலையை எடுத்துக்கொள்வான். என்ன பக்தி பார், என்று ஜேசுராஜ் பூரித்துப் போனார்.

அடுத்த குவார்ட்டர்ஸில் கஜபதி என்று ஒருவர், ஃபேக்டரியில் இவரோடு ஒரே ஷாப்பில் வேலை செய்பவர். பத்து, பன்னிரண்டு வருஷ சிநேகிதம். அவர்தான் ஒருநாள் டீ குடிக்கும்போது மெல்ல ஆரம்பித்தார்.

"ஜேசு, தப்பா எடுத்துக்காத மச்சான். உன் புள்ள சிரிச்சு நான் பாத்ததில்ல. பன்னெண்டு வயசு புள்ள ஊட்டாண்ட ஒக்காந்து ஒலகத்தயே தொலச்சவன் மாதிரி பாத்துகினு கீது. சினிமாக்கு கூப்ட்டேன், வரலன்னுச்சு. பயப்புடுது மாமே."

"பயமா? அது பயமில்ல கஜா, அடக்கம். உனுக்கு இதெல்லாம் புரியாது."

புரியாதவர் கஜபதியா இவரா என்று அப்போது யாரும் சொல்லவில்லை. கஜபதி டீ கிளாஸை வைத்துவிட்டுப் போனார். ஒரு வாரம் பேசவில்லை.

தொண்ணூற்றிரண்டில் எட்மண்ட் பத்தாவது பாஸ் செய்தான். ஜூன் மாதம் பூந்தமல்லியைத் தாண்டி இருந்த சாமியாராகப் படிக்கிற பையன்கள் தங்கும் ஒரு சிறு குருமடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஒரு தகரப் பெட்டி, இரண்டு வெள்ளை அங்கி, ஒரு போர்வை. கோயிலில் அவனுக்கு மாலை போட்டார்கள், ஜேசுராஜுக்கும் போட்டார்கள். லூர்தம்மாள் மாலையை வாங்கிக்கொள்ளவில்லை. பையனுக்குக் கொடுக்கக் கட்டிய முறுக்கு டின்னை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். திரும்பி வரும்போது அந்த மடி காலியாக இருந்ததை ஜேசுராஜ் பார்த்தார். அன்றைக்கு பஸ்ஸில் அவருக்குத் தூக்கம் வரவில்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு பார்க்கப் போகலாம். போவார்கள். மரத்தடி பெஞ்சில் மூவரும் உட்காருவார்கள். "நல்லாகீறியா?" என்றால் "நல்லாகீறேன் நைனா." "சோறு?" "நல்லாகீது." "படிப்பு?" "நல்லாகீது." அவ்வளவுதான் பேச்சு. லூர்தம்மாள் அவன் முழங்கையைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். ஒவ்வொரு மாதமும் எலும்பு கொஞ்சம் கூடுதலாகக் கைக்குத் தட்டுப்பட்டது.

ஒன்றரை வருஷம் இப்படியே போனது. தொண்ணூற்று மூன்று டிசம்பரில் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பையனை அழைத்துவரத் தனியாகப் போன ஜேசுராஜை, குருமடத்துத் தலைவரான ரெக்டர் சாமியார் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார். நாற்பது வயதுக்காரர், மூக்குக் கண்ணாடி, சுற்றி வளைக்காத பேச்சு.

"உங்க மகன்கிட்ட ஒரு குறையும் இல்லை. அதுதான் எனக்குக் கவலை. இங்கே இருக்கிற பையன்கள் சண்டை போடுவாங்க, சுவரேறிக் குதிப்பாங்க, என்கிட்ட எதிர்த்துப் பேசுவாங்க. இவன் எதுவும் செய்யமாட்டேங்கிறான். எதுக்குடா குருவாகணும்னு கேட்டேன். 'எங்கப்பா நேர்ந்திருக்கார்'னு சொன்னான். அது தேவ அழைத்தல் இல்லைங்க, அது அவனுக்குள்ளேயிருந்து வரணும். கூட்டிட்டுப் போங்க, நிதானமா கேளுங்க. விருப்பம் இருந்தா ஜனவரியில வரட்டும். இல்லேன்னா வேண்டாம்."

ஜேசுராஜ் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். "ஃபாதர், அப்ப நான் நேந்துகினது இன்னா ஆவறது? குடுத்துட்டேன்ல? குடுத்தத திருப்பிக் கேட்டா மாதா சும்மா வுடுவாளா?"

"உங்க முடியை நேர்ந்துக்கலாம், உங்க கால்நடைப் பயணத்தை நேர்ந்துக்கலாம். அதெல்லாம் உங்களுது. இன்னொருத்தர் வாழ்க்கையை எப்படிங்க நீங்க நேர முடியும்? அந்த நேர்ச்சை செல்லவே செல்லாது. மாதா பிடிச்சு வெச்சுக்கிட்டதா நீங்கதான் நினைச்சிட்டிருக்கீங்க."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார் மனுஷன். பிள்ளை பெற்றிருந்தால் தெரியும் என்று நினைத்துக்கொண்டே ஜேசுராஜ் வெளியே வந்தார். விறைத்த கழுத்தும் செருகிய கண்ணும் நேற்றுப் பார்த்தது போல் எதிரே நின்றன. இந்தப் பையன் பதிமூன்று வருஷம் உயிரோடு இருப்பதே அந்த வாக்கினால்தான் என்று அவர் மனதார நம்பினார். வாக்கு போனால் பையன் போய்விடுவான். அதை யாரிடம் சொல்வது?

ஆவடி பஸ்ஸில் இரண்டு பேருக்கும் உட்கார இடம் கிடைத்தது. எட்மண்ட் ஜன்னலோரம். பதினேழு வயது, மேலுதட்டில் மீசை கோடு போட்டிருந்தது. எப்போது வந்தது இந்த மீசை? கேட்க வேண்டிய கேள்வியை நாலு தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு ஜேசுராஜ் தொண்டையைச் செருமினார்.

"எட்மண்ட்டு. உனுக்கு அங்க புட்ச்சிருக்குதா?"

"நல்லாகீது நைனா."

"நல்லாகீதான்னு கேக்கல. புட்ச்சிருக்குதான்னு கேக்கறேன். உன் இஷ்டம் இன்னா? வந்துடணும்னு இருந்தா சொல்லு. நான் கோச்சுக்க மாட்டேன்."

பையன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கண்டக்டர் வந்தார், டிக்கெட் கிழித்தார், போனார். பருத்திப்பட்டு ஏரி வந்தது. தண்ணீரைப் பார்த்தபடியே, முகத்தைத் திருப்பாமல் கேட்டான்.

"வந்துட்டா நான் செத்துடுவேனா நைனா?"

ஜேசுராஜுக்கு முதலில் காதில் விழுந்தது புரியவில்லை. "இன்னாடா சொல்ற?"

"நீதான சொன்ன. சாமியாரா போவலன்னா மாதா உசுர திருப்பி வாங்கிக்குவான்னு. அந்தப் பையன அடிச்சன்ல, அன்னிக்கு. நீ சொல்லிட்டு தூங்கிட்ட."

அடப்பாவி மனுஷா. ஒன்பது வருஷம். ஐந்தரை மணிப் பூசை, செபமாலை, அடக்கம், தும்மலுக்கெல்லாம் ஓடிய ஓட்டம் எல்லாம் வரிசையாக ஜேசுராஜ் கண்முன் வந்து நின்றது. பக்தி என்று நினைத்தாரே, அந்த எட்டு வயசுப் பிள்ளை செத்துப்போய்விடுவோமோ என்றல்லவா பயந்து நடுங்கிக்கொண்டிருந்திருக்கிறது. தன் பயத்தைத் தூக்கி அதன் தலையில் வைத்துவிட்டு இவர் நிம்மதியாகக் குறட்டை விட்டிருக்கிறார். கூட்டத்தில், கம்பியைப் பிடித்துத் தொங்குகிற ஜனங்களுக்கு நடுவே, அவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"அதெல்லாம் சும்மாடா. நைனா பொய் சொல்லிட்டேன். அலுப்புல வாய்க்கு வந்தத சொல்லிட்டேன்டா கண்ணு. உனுக்கு ஒண்ணும் ஆவாது."

"நெஜமாவா?"

"நெஜமா."

சொன்னாரே தவிர, அவருக்கே அது நிச்சயமில்லை. அந்தப் பயம் அவர் வயிற்றில் அப்படியேதான் கிடந்தது. ஆனால் ஒன்று மட்டும் பஸ் ஆவடி டிப்போவில் நிற்பதற்குள் தெளிவாகிவிட்டது. பயப்படுவது அவர் வேலை, பிள்ளையின் வேலை இல்லை. பெற்றவன் சுமக்க வேண்டியதைப் பெற்றவன்தான் சுமக்க வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள அவருக்கு இத்தனை வருஷம் ஆனது.

"சரி, அப்ப உனுக்கு இன்னா ஆவணும்னு ஆச?" இறங்கும்போது கேட்டார்.

"தெரில நைனா. யோசிச்சதே இல்ல."

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது லூர்தம்மாள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கத்தவில்லை. அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டு, பையனை உள்ளே கூட்டிப்போய்த் தட்டைப் போட்டாள். "நல்லா துன்னு" என்றாள். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அப்புறம் வெளியே வந்து புருஷனிடம் சொன்னாள், "உம் மனசு ஆறலன்னா நீ போயி முடிய குடு. அன்னிக்கே குடுத்திருக்க வேண்டியது."

அதுவும் சரிதான் என்று பட்டது. வேளாங்கண்ணிக்குப் போய்வர ஃபேக்டரியில் லீவு இல்லை. மாதா எல்லா ஊரிலும் ஒரே மாதாதான் என்று முடிவு செய்து, மறுநாள் காலை ரயில்வே கேட் பக்கத்தில் துலுக்கானம் சலூனுக்குப் போனார். எட்மண்டும் கூட வந்தான். நாற்காலியில் உட்கார்ந்து "மொட்ட" என்றார்.

துலுக்கானம் அவர் தலையை முன்னாலிருந்து பார்த்தார், பின்னாலிருந்து பார்த்தார். அந்தச் சுருட்டை முடியெல்லாம் எந்தக் காலத்திலோ போய்விட்டது. உச்சி வழவழ. காதுக்கு மேலே சுற்றிவர ஒரு விரற்கடை நரைமுடி, அவ்வளவுதான் மிச்சம்.

"இன்னா அண்ணாத்தே, தமாசு பண்றியா? இதுல எடுக்க இன்னா கீது?"

"கீறத எடுய்யா."

பின்னால் பெஞ்சிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஜேசுராஜ் கண்ணாடியில் பார்த்தார். எட்மண்ட் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறான். அழுகிறானோ என்று பதறித் திரும்பினார். சிரித்துக்கொண்டிருந்தான். கஜபதி சொன்னது சரிதான், அந்தப் பிள்ளை சிரித்து இவரும் பார்த்ததில்லை. மொட்டைத் தலையோடு ஜேசுராஜும் கூடவே பையனும் கோயிலுக்குப் போனார்கள். மாதா சொரூபத்துக்கு எதிரே நின்று, காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்த அந்தக் கைப்பிடி நரைமுடியைப் பீடத்தடியில் வைத்தார். "தாயே, என்னுது இதான். இத வாங்கிக்க" என்றார்.

அப்புறம் எல்லாம் நன்றாக நடந்தது என்று சொல்ல ஆசைதான். நடக்கவில்லை. கோயிலில் சிலர் முகம் கொடுத்துப் பேசவில்லை. 'குடுத்தத புடுங்கிகினு வந்துட்டான்' என்று காதுபடவே சொன்னார்கள். எட்மண்ட் எப்படியோ பன்னிரண்டாவது எழுதித் தேறினான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் மூன்று மாதம் இருந்தான், பிடிக்கவில்லை என்று வந்துவிட்டான். டைப்ரைட்டிங் போனான், அதையும் விட்டான். சில நாள் மத்தியானம் வரை தூங்கினான். லூர்தம்மாளை எதிர்த்துப் பேசினான். சினிமாவுக்குப் போய்விட்டுக் கோயிலுக்குப் போனேன் என்று பொய் சொன்னான். ஒன்பது வருஷம் செய்யாததையெல்லாம் சேர்த்து வைத்துச் செய்தான். ஜேசுராஜுக்கு எரிச்சல் வரும், கை ஓங்கக்கூட ஓங்கியிருக்கிறார். வாய் வரைக்கும் வருகிற பழைய வார்த்தையை மட்டும் கடித்து விழுங்கிவிடுவார். ஷிஃப்ட் முடிந்து வந்து, "இன்னாடா, இன்னிக்கு இன்னா பண்ண?" என்று கேட்பார். "ஒண்ணுமில்ல" என்பான். "சரி" என்பார். அந்தச் 'சரி'க்கு எட்டு மணி நேர வெல்டிங்கைவிட அதிகத் தெம்பு வேண்டியிருந்தது.

அடுத்த நவம்பரில் நாலு நாளாய் விடாத மழை. ஒரு மத்தியானம் காலை ஷிஃப்ட் முடித்து நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்தால் எட்மண்ட் போர்த்திப் படுத்திருந்தான். லூர்தம்மாள் அம்பத்தூரில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். நெற்றியில் கை வைத்தார். கொதித்தது. "தல வலிக்குது நைனா" என்றான்.

ஜேசுராஜ் அப்படியே நின்றார். வந்துவிட்டது. கணக்குத் தீர்க்க வந்துவிட்டாள். இவன் வீட்டுக்கு வந்து ஒரு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. உதடு தானாக அசையத் தொடங்கியது. தாயே, இவனைக் காப்பாத்து, நான்...

கட்டிலிலிருந்து எட்மண்ட் பார்த்துக்கொண்டிருந்தான். இவர் முகத்தை, இவர் உதட்டை. கண்ணில் அந்த எட்டு வயசுப் பிள்ளையின் பார்வை.

ஜேசுராஜ் வாயை மூடிக்கொண்டார். எச்சிலைக் கூட்டி விழுங்கினார். ஈரச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கட்டிலோரம் வந்து உட்கார்ந்தார்.

"தாடைய நெஞ்சுல வெய்யி, பாப்போம்."

எட்மண்ட் தலையைக் குனிந்தான். தாடை நெஞ்சில் தொட்டது. கழுத்து இளக்கமாக, நன்றாக மடங்கியது. இன்னொரு தடவை வைக்கச் சொன்னார். வைத்தான். இன்னொரு தடவை.

"எத்தினி வாட்டி நைனா?"

"போதும். மய ஜொரந்தான். மயயில சுத்தாதன்னா கேக்கறியா? மூணு நாள்ல போயிடும்."

மாத்திரை எடுத்துக் கொடுத்தார். ஸ்டவ்வைப் பற்றவைத்து நொய்யரிசியில் கஞ்சி வைத்தார். கட்டிலைப் பார்த்துக்கொண்டே உப்புப் போட்டதில் அரை டப்பா உப்பு மேடையில் கொட்டியது. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்து அவனுக்குக் கொடுத்தார். எட்மண்ட் இரண்டு வாய் குடித்துவிட்டுக் கேட்டான்.

"நேந்துகினியா நைனா?"

"இல்ல."

"உதடு அசஞ்சுதே."

"வாய் வரிக்கும் வந்துச்சு. முயுங்கிட்டேன்."

எட்மண்ட் மீதிக் கஞ்சியையும் குடித்தான். "உப்பு ஜாஸ்தி" என்றான். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீராக வந்தது. பயமில்லாமல் தூங்குகிற பிள்ளையின் மூச்சு அது. ஜேசுராஜ் அதைக் கேட்டுக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்தவர். கண் எரிந்தது, இடுப்பு விட்டுப்போயிற்று. உட்கார்ந்த இடத்தில் தூங்குகிற மனுஷன், அன்று மூன்று மணி நேரம் கண் இமைக்கவில்லை. பயம் போகவில்லை. இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். ஈரத் துணியை மாற்றி மாற்றி நெற்றியில் போட்டார்.

சாயங்காலம் லூர்தம்மாள் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். அவர் விழித்திருப்பதைப் பார்த்து அவளுக்கே ஆச்சரியம். "இன்னாய்யா, தூங்கல நீ?"

"புள்ளைக்கு ஜொரம்" என்றார்.

அவள் குனிந்து பையனின் நெற்றியிலும் கழுத்திலும் புறங்கையை வைத்துப் பார்த்தாள். பனியன் நனைந்திருந்தது. "வேத்துட்ச்சு. ஜொரம் எறங்கிட்ச்சுய்யா" என்று திரும்பினாள். ஜேசுராஜ் நாற்காலியில் வாயைத் திறந்தபடி, ஈரத் துணியைக் கையில் பிடித்துக்கொண்டே தூங்கிப்போயிருந்தார்.